நாத்தனாரோடு வேலூரில் பதினெட்டு நாள்

வேலூரைப் பற்றி ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கடைசியில் ‘அழகில்லாத பெண்கள்’ என்று ஒன்றையும் சேர்த்துவிடுவார்கள். இதைக் கட்டினவர் யாரோ ஒரு ஆண்பிள்ளைதான், சந்தேகமே வேண்டாம்! சாமி இல்லாத கோயில் என்பதும் இப்போது செல்லாது. 1981ல் ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக் கோயிலுக்குள் திரும்பக் கொண்டுவந்து வைத்தாயிற்று, பூஜையும் அமோகமாக நடக்கிறது. பாலாறு மட்டும் நாங்கள் போன மாசி மாதத்தில் மணலாகத்தான் கிடந்தது.

நாங்கள் கோட்டை பார்க்கப் போகவில்லை. வேலூருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பாதிப்பேர் எதற்காக வருவார்களோ, அதற்காகத்தான் போனோம். விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக ரயிலில் போய் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கி, “சி.எம்.சி.” என்று வாயைத் திறப்பதற்குள் ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். எங்கள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது போலும்.

நோயாளி என் நாத்தனார். வயது முப்பத்தாறு. இரண்டாவது படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். நாத்தனாருக்கு நாலைந்து வருஷமாகவே மூச்சு இரைப்பு. ஒரு குடம் தண்ணீரை மாடிக்குக் கொண்டுபோனால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். ராத்திரி தலைக்கு இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாது. “உடம்பு போட்டுடுச்சு, அதான்” என்றார்கள் சிலர். “ரத்தம் இல்லை, பேரீச்சம்பழம் சாப்பிடு” என்றார்கள் சிலர். “வேலைன்னா மூச்சு வாங்கும், டி.வி. பார்க்கும்போது வாங்காது” என்று அவள் மாமியார் ஜாடையாகச் சொல்வார். இவளோ யாரிடமும் காட்டிக்கொள்ள மாட்டாள். டாக்டரிடம் போனால் ரவிக்கையைத் தளர்த்தி நெஞ்சில் குழாய் வைப்பாரே என்ற கூச்சம் வேறு. கடைசியில் ஒரு நாள் இருமலில் ரத்தம் பட்டிருந்தது. அப்புறம்தான் ஊரில் ஒரு டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “இது ஆஸ்துமா இல்லையம்மா, இதயத்தில் கோளாறு. வேலூர் போய்விட்டு வாருங்கள்” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அவள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. “அண்ணி வந்தா நான் போறேன், இல்லாட்டி வேண்டாம்” என்றாள். கிளம்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரி இருக்கும் தெருவுக்குப் பெயரே ஐடா ஸ்கடர் ரோடு. அந்த அம்மாளின் கதையை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். தெரியாத இளம் பெண்களுக்காகச் சொல்கிறேன். ஐடா ஸ்கடர் 1870ல் பக்கத்து ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவர் தகப்பனார் அமெரிக்க மிஷன் டாக்டர். பெண்ணை அமெரிக்காவில் படிக்க வைத்தார்கள். அவருக்கு இந்தியாவில் தங்குவதாக எண்ணமே கிடையாது. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் மேல்ஜாதி இந்து. மூன்று பேர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். “எங்கப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிப்போங்கள்” என்றாராம் ஐடா. அந்நிய ஆண்பிள்ளையை உள்ளே விடமாட்டோம் என்று மூவரும் மறுத்துப் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அதற்குப் பிறகுதான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் அணியில் படித்து 1899ல் தேறினார். 1900ல் வேலூரில், வீட்டிலேயே ஒரே ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியத்தைத் தொடங்கினார். நியூயார்க்கில் ஷெல் என்ற செல்வந்தர் காலமான தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்திருந்தார். அதில் 1902ல் நாற்பது படுக்கையோடு பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழுந்தது. 1909ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அதே காலத்தில் ஒரு சின்ன மோட்டார் வண்டியில் குடியாத்தம் ரோட்டில் மரத்தடி மரத்தடியாக நின்று கிராமத்து ஜனங்களைப் பார்த்தார். 1918ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி ஆரம்பிக்கப்போகிறேன் என்று சொன்னபோது, மூன்று பேர் விண்ணப்பம் போட்டாலே அதிகம் என்று அரசாங்க டாக்டர் ஒருவர் சொன்னாராம். வந்தது 151. முதல் அணியில் பரீட்சை எழுதிய பதினாலு பெண்களும் தேறினார்கள். அந்தக் காலத்தில் ஆண்களிலேயே நிறையப் பேர் தவறிப்போகிற பரீட்சை அது.

அந்தப் பள்ளிதான் 1942ல் கல்லூரியாகி, 1947ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தோடும், இப்போது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடும் இணைந்த கல்லூரி. நான் இதையெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்த நேரத்தில் நாத்தனாரிடம் சொன்னேன். அவள் அந்த மூன்று பெண்கள் கதையைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், “அவங்களை வீட்டு ஆம்பளைங்க விடலை அண்ணி. என்னை யாரும் தடுக்கலையே, நானேதானே போகாம இருந்தேன்” என்றாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

முதல் நாள் கூட்டத்தைப் பார்த்து மிரண்டுதான் போனோம். தினம் ஆயிரக்கணக்கில் வருகிறார்களாம். தமிழைவிட வங்காளமும் இந்தியும்தான் அதிகமாகக் காதில் விழுகிறது. கல்கத்தா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்திருக்கிறார்கள். எதிரே பாபு ராவ் தெருப் பக்கம் போனால் லாட்ஜ் பலகை, மருந்துக்கடைப் பலகை எல்லாம் வங்காள எழுத்தில். ஹோட்டல்களிலிருந்து கடுகெண்ணெயில் மீன் பொரிக்கிற வாசனை வீதிக்கு வருகிறது. வேலூரா, கல்கத்தாவா என்று சந்தேகமே வந்துவிடும்.

லாட்ஜ்களில் ஒரு நல்ல ஏற்பாடு, அறையோடு சமைத்துக்கொள்ள வசதியும் கிடைக்கிறது. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பதினெட்டு நாளும் ஹோட்டல் சாப்பாடு என்றால் கையும் வயிறும் தாங்காது. நாத்தனாருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டதால் நானே சமைத்தேன். மார்க்கெட்டில் இலவம்பாடி முள் கத்திரிக்காய் கிடைத்தது. காம்பெல்லாம் முள். பார்த்துப் பிடிக்க வேண்டும். ஆனால் எண்ணெயில் வதக்கினால் வெண்ணெயாகக் குழைகிறது. 2023ல் இதற்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள், கொடுக்க வேண்டியதுதான்! பக்கத்து அறையில் தன்பாத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், மகனுக்குக் கிட்னி மாற்று ஆபரேஷனுக்காகக் காத்திருந்தாள். தன் கிட்னியைத்தான் கொடுக்கப்போகிறாள். பாஷை தெரியாமலேயே நானும் அவளும் கறி மாற்றிக்கொண்டோம். கிட்னி மாற்று சிகிச்சை நம் நாட்டில் முதன்முதலாக வெற்றியடைந்தது இதே ஆஸ்பத்திரியில்தான், 1971ல். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? மருந்துக்கடைப் பையனை விட்டு இந்தியில் சொல்லச் சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, நானா செய்தேன்!

எக்கோ எடுத்தார்கள். ரவிக்கை விஷயத்தில் இவள் பயந்தபடி எதுவும் இல்லை. திரை போட்டு, பெண் ஊழியரே எடுத்தார். முடிவைப் பார்த்து டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “சின்ன வயசில் மூட்டு வலி வந்து படுத்திருக்கிறீர்களா?” என்பது. நாத்தனார் திகைத்துவிட்டாள். வந்திருக்கிறது! பத்து வயதில் காய்ச்சலோடு முழங்கால் வீங்கி, அது சரியாகிக் கணுக்கால் வீங்கி, இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. வளர்கிற வயசு, எலும்பு வலி என்று வேப்பெண்ணெய் தேய்த்தார்களாம் என் மாமியார்.

தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள் தொண்டை வலி வருகிறதல்லவா, அதில் ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வருவது. அதைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுக்கு மூட்டு தாவுகிற வலியும் காய்ச்சலும் வரும். ருமாட்டிக் காய்ச்சல் என்பது அதுதான். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சக்தி, ஆள் தெரியாமல் இதயத்தின் வால்வையும் தாக்கிவிடுகிறது. மூட்டு வலி சுவடே இல்லாமல் போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது. வருஷக்கணக்கில் தடித்து, ஒட்டி, வாசல் குறுகிக்கொண்டே வரும். மைட்ரல் வால்வின் வாசல் சாதாரணமாக நாலு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டுமாம். இவளுக்கு ஒன்றுகூட இல்லை. ரத்தம் முன்னே போக முடியாமல் நுரையீரலில் தேங்குகிறது, அதனால் மூச்சு இரைக்கிறது.

கர்ப்பமாக இருக்கும்போது உடம்பில் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. மறைந்திருந்த வால்வுக் கோளாறு பல பெண்களுக்கு அப்போதுதான் தலைகாட்டும். இவளுக்கும் ஏழாம் மாதத்தில் மூச்சு முட்டியது. “ரெட்டைப் பிள்ளையோ என்னமோ” என்று நாங்களெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் பிழைத்ததே பெரிய விஷயம் என்று இப்போது டாக்டர் சொல்கிறார்.

வார்டில் சேர்த்த மறுநாள் காலையில் பெரிய டாக்டரோடு எட்டுப் பத்து மாணவர்கள் வந்தார்கள். கற்றுக்கொடுக்கிற ஆஸ்பத்திரி என்றால் இது உண்டு, நாம் தெரிந்துதான் போக வேண்டும். நாத்தனார் முகம் வெளுத்துவிட்டது, போர்வையை இழுத்துக்கொண்டாள். டாக்டர் முதலில் அவளிடம்தான் கேட்டார்: “அம்மா, உங்க நெஞ்சு சத்தத்தை இவங்க கேட்டாங்கன்னா, நாளைக்கு எங்கேயோ ஒரு கிராமத்துல இந்த நோயைக் கண்டுபிடிப்பாங்க. உங்களுக்குச் சம்மதமா? வேண்டாம்னாலும் பரவாயில்லை.” இவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “பொம்பளைப் பிள்ளைங்க மட்டும் கேக்கட்டும்” என்றாள். சரி என்று பையன்களை வெளியே அனுப்பிவிட்டார்.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, நாலு பெண்கள் ஒவ்வொருவராகக் குழாயை வைத்துக் கேட்டார்கள். லப்-டப்புக்குப் பிறகு, தூரத்தில் வண்டி உருளுகிற மாதிரி ஒரு மெல்லிய உறுமல் கேட்குமாம். அவசரப்பட்டால் கேட்காது. மூன்றாவது பெண்ணுக்குக் கேட்கவே இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, என் மூத்த பெண் வயதுதான் இருக்கும். நாத்தனார் என்ன செய்தாள் தெரியுமா? “இன்னொரு தரம் வச்சுப் பாரும்மா, நான் மூச்சைப் பிடிச்சுக்கறேன்” என்றாள்! அந்தப் பெண் மறுபடி கேட்டாள், கேட்டது. அன்று சாயங்காலம் வார்டுக்கு மறுபடி வந்த பையன்களையும் இவளே கூப்பிட்டுக் கேட்கச் சொல்லிவிட்டாள். நாலைந்து வருஷமாக டாக்டருக்குக் கூச்சப்பட்டவளா இவள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதே ஆஸ்பத்திரியில் 1961ல் இதயத்தைத் திறந்து அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். இந்தியாவில் அந்தச் சிகிச்சை தொடங்கிய காலம் அது. இவளுக்கு அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வால்வில் அதிகம் சுண்ணாம்பு படியவில்லை, உள்ளே ரத்தக் கட்டியும் இல்லை என்று தொண்டை வழியாக ஒரு குழாய் விட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பலூன் சிகிச்சை செய்யலாம் என்றார்கள். தொடையிடுக்கு ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோய், நுனியில் இருக்கும் பலூனை வால்வின் நடுவில் வைத்து ஒரு கணம் உப்ப வைக்கிறார்கள். ஒட்டியிருந்த இதழ்கள் பிரிந்துகொள்கின்றன. இந்த முறையை 1984ல் ஜப்பானில் இனோவே என்ற டாக்டர் உலகத்துக்குச் சொன்னார். மார்பைத் திறப்பதில்லை, மயக்க மருந்துகூடப் பெரும்பாலும் கொடுப்பதில்லை, அந்த இடம் மட்டும்தான் மரத்துப்போகும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஒன்றேகால் மணி நேரம் எப்படிப் போயிற்றென்று கேளுங்கள்! வால்வு கிழிந்துவிட்டால் உடனே மார்பைத் திறக்க வேண்டியிருக்கும் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வீட்டுக்காரர் முதல் நாள் ராத்திரிதான் வந்து சேர்ந்திருந்தார். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் பெண்ணின் பள்ளிக்கூடப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன்பாத் அம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்து, “நல்லா வந்துடுச்சு” என்று நர்ஸ் சொன்னபோது முதலில் அழுதவர் அவர்தான்.

அன்று ராத்திரி என் நாத்தனார் ஒரே தலையணையில் தூங்கினாள்.

மறுபரிசோதனைக்காக இன்னும் சில நாள் இருக்க வேண்டியிருந்தது. ஒரு மாலை நான் மட்டும் பஸ் ஏறிக் கல்லூரி இருக்கும் பாகாயம் பக்கம் போனேன். மரமும் கல் கட்டடமுமாக அமைதியான இடம். அங்கே ஊனமுற்றவர்களுக்கான மறுவாழ்வு நிலையம் 1966ல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் இங்கேயே படித்தவர். 1954ல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போயிற்று. அந்தக் காலத்தில் இப்படி ஆனவர்களைப் படுக்கையில் விட்டுவிடுவதுதான் வழக்கம். இவரோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்யக் கற்றார்! அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து இந்தத் துறையை நடத்தினார். 1972ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அந்தக் கை ஆபரேஷனை 1948ல் தொடங்கி வைத்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் சூடும் காயமும் தெரியாமல் கெட்டுப்போகின்றன என்று கண்டு சொன்னவர் அவர். சிலருக்கு ராத்திரியில் விரல் குறைந்து போவதன் மர்மம் தெரியாமல் விழித்திருந்து பார்த்தால், எலி கடித்துக்கொண்டிருந்ததாம். வலி தெரியாததால் எழுந்திருக்கவில்லை. அப்புறம் வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஆளுக்கொரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்களாம். நம் வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் இருந்தால் அவர்கள் பாதத்துக்கும் இதே கதைதான். தினம் ராத்திரி உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் வேலூரோடு ஒரு உறவு இருக்கிறது. ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரத்தில் குழந்தைக்கு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுக்கிறார்களே, வயிற்றுப்போக்குக்கு எதிராக, அந்த இந்திய மருந்தை 2011ல் தொடங்கிச் சோதித்துப் பார்த்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. அந்த ஆராய்ச்சியில் முக்கியப் பங்கு எடுத்த டாக்டர் ககன்தீப் காங் இங்கே படித்து, இங்கே பணியாற்றியவர். 2019ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார். 2016லிருந்து இந்தச் சொட்டு மருந்தை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 2024 கடைசியில், ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய்க்கு மரபணு சிகிச்சை செய்து ஐந்து பேருக்குப் பலன் கிடைத்ததை வெளியிட்டிருக்கிறார்கள். எனக்கு அதன் நுணுக்கம் புரியாவிட்டாலும், பிள்ளை விழுந்தால் உயிர் போய்விடுமோ என்று பயந்து வாழும் தாய்க்கு அது என்ன சேதி என்பது புரிகிறது.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பழைய சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். எத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடாதீர்கள். சின்ன வயதில் வந்த எந்த நோயையும் ‘அது எப்போதோ’ என்று விடாமல் சொல்லிவிடுங்கள். நெருங்கிய பெண் ஒருத்தி கூட இருந்தால் நோயாளிக்குப் பாதி பயம் தீரும்.

நாத்தனாருக்கு இனி மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. தொண்டையில் மறுபடி கிருமி வந்து வால்வு இன்னும் கெடாமல் இருக்க அது காவல். நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தக் கூடாது. வால்வு பிற்காலத்தில் மறுபடி குறுகலாம், அதனால் வருஷா வருஷம் எக்கோ. அடுத்த குழந்தை பற்றி நினைத்தால் முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். காலண்டரில் ஊசி நாளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள் அவள் மாமியார். ஆமாம், அதே மாமியார்தான். போன வாரம் பேத்திக்குத் தொண்டை வலி, காய்ச்சல் என்றதும் மழையென்றுகூடப் பார்க்காமல் குடையை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாராம். கஷாயம் போட்டுத் தரவா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, “அதெல்லாம் அப்புறம், முதல்ல டாக்டர் பாக்கட்டும்” என்றாராம்.